லூசி கொண்டுபோன கஞ்சி

லோரி நகர்ந்ததும் மரியநாதன் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமில்லை. பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நான் அன்னாசி ஏற்றிப் போகும்போதெல்லாம், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பாலும் முதுகாலும் ரோட்டைப் படித்துக்கொண்டு வருவார். "கண்ணால பாக்குறத எவனும் எழுதிருவான் அண்ணே. குலுக்கல எழுதணும்லா" என்பார். வளைவில் சொல்லாமலே சாய்வார். பள்ளம் வந்தால் மட்டும் வாய்க்குள் ஒரு வார்த்தை. அதை அச்சில் போட முடியாது.

பொந்தியானில் தையல்காரர். சிங்கப்பூர் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதுகிறார். ஒரு காதில் பென்சில், கையில் துணிக்குக் கோடு போடும் சுண்ணக்கட்டி. நான் தைக்கக் கொடுத்த கால்சட்டையின் உள்மடிப்பில் 'மழை வலுத்தது' என்று எழுதியிருந்தது. துவைத்தும் போகவில்லை.

அவர் கதையில் யாரும் சும்மா போய்ச் சேரமாட்டார்கள். கதாநாயகி லூசி, ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு புறப்பட்டு மூன்று வாரம் ஆகியும் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆசிரியர் கடிதம் போட்டுவிட்டார்: அடுத்த இதழில் அரைப் பக்கத்துக்குள் அவள் போய்ச் சேரவேண்டும்; இல்லாவிட்டால் தொடர் நிற்கும்.

மனிதர் பென்சிலால் வெயிலை அடித்தார், ரப்பர் மரங்களை அடித்தார், வழியில் வந்த மாட்டையும் அடித்தார். மிஞ்சியதைக் கோப்பிக் கடையில் படித்துக் காட்டினார்: "லூசி மாலையில் ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்தாள்."

என் லோரியில் அன்னாசி ஏற்றும் கருப்பாயி பக்கத்து மேசையிலிருந்து திரும்பினாள். "கஞ்சி?"

"கஞ்சிக்கு என்னா?"

"அலமாக்! நம்ம ரோட்டுல சிந்தாம போயிருச்சா? மூணு வாரமா கதைய கேக்குறேன். புருசன் வயித்துக்கு எம்புட்டு மிஞ்சுச்சுன்னு சொல்லாம எறக்கி விட்டுட்டீங்களே, தையக்காரரே!"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் தூக்குச்சட்டி நிறையக் கஞ்சியோடு வண்டியில் ஏறினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. பெக்கான் நானாஸ் வருவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது.

"யோவ், சீட்டெல்லாம் ஊத்துறியேய்யா! மெதுவா போகவா?"

"வேணாண்ணே. எப்பவும் போறாப்புல போங்க. லூசிக்குன்னு எவன் மெதுவா ஓட்டுனான்?"

ஸ்கூடாய் தாண்டியபோது சட்டியில் பாதிதான். அவர் கை தானாகவே மூடியை அமுக்கிக்கொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். "ஆங்" என்றார். பென்சிலை எடுத்தவர், ஜொகூர் பாரு டவுனில் அன்னாசி ஆலை வாசலில் நான் நிறுத்தும்வரை தலை நிமிரவில்லை.

சரியாக அரைப் பக்கம். ரோடு இல்லை, மரம் இல்லை. ஒரு கை, ஒரு மூடி, வளைவுக்கு வளைவு குறைகிற கஞ்சி. "புருசனுக்கு மூணு வாய் மிஞ்சுது அண்ணே" என்று சிரித்தார். தாளெல்லாம் கஞ்சி ஈரம்.

இறங்கிப்போய், சூடாக இருந்த என்ஜின் தகரத்தின்மேல் அதைக் காய விரித்தார். காற்றில் பறக்காதபடி இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கைகளையும் ஊன்றி நின்றார். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி ஆலை ஆட்கள் கத்தினார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, குனிந்து தாளின்மேல் ஊதினார்.