தோளில் கை போடும் காட்சி

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு படக்கதை செய்தேன். எழுதினேன் என்று சொன்னால் பொய். பாதி போட்டோ, பாதி ஸ்கெட்ச் பேனா, நடுநடுவே ஒட்டிய ரயில் டிக்கெட், மிட்டாய்க் காகிதம். பட்டாபிராமில் ரயிலை விட்டுவிட்டு ஊர் சுற்றும் இரண்டு தோழிகளின் கதை. கதை ஜோராகத்தான் வந்தது. இரண்டாவது தோழிக்குத்தான் ஆள் இல்லை.

தேனியிலிருந்து அந்த வருஷம்தான் குடிவந்திருந்தோம். வகுப்பில் எல்லோரும் முன்பே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். சரிதான் போ என்று இரண்டு பேராகவும் நானே நின்றேன். ஸ்டேஷன் பெஞ்சின் இந்தப் பக்கம் பின்னல், அந்தப் பக்கம் தலைவிரிகோலம். போனில் டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து உட்காருவேன். அப்புறம் பிரிண்ட் போட்டு, வெட்டி, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுவேன். தோளில் கை போடும் காட்சி மட்டும் ஒட்டவே வரவில்லை. கையை வரைந்து பார்த்தேன். முருங்கைக்காய் மாதிரி தொங்கியது. சனியன், அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வெட்கத்தை விட்டு முன் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன். "அவ்ளோதானா? வா" என்று பள்ளி விட்டதும் வந்தாள். கூட வந்த சிநேகிதிகளில் ஒருத்தி போனைப் பிடித்தாள். இவள் என் தோளில் கை போட்டாள். சிரி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எடுத்துகினியா? டைம் ஆவுதுடி" என்று கையை எடுத்துக்கொண்டு அவர்களோடு ஓடிவிட்டாள். நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கை இருந்திருக்கலாம் என்று எனக்குத்தான் ஏக்கமாக இருந்தது.

பசை காயட்டும் என்று மேசையில் வைத்திருந்த அந்தப் பக்கத்தை அம்மா பார்த்துவிட்டாள்.

"அப்பாடா! ஒனக்கு ஒரு கூட்டாளி கெடைக்கலையேன்னு நான் வேண்டாத சாமியில்ல. புள்ள எந்தப் பக்கம்?"

"வெள்ளானூர்."

"ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூட்டிட்டு வா. மீன் வாங்குறேன்."

அது கதைக்காக எடுத்ததும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் "சரிம்மா" என்றுதான் வந்தது.

அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு காலை, குழம்பு கொதிக்கும்போது, "அவளுக்கு ட்யூஷனாம்" என்றேன்.

"அதுக்கென்ன" என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறும் மீன் வாங்கிவந்தாள்.