பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு முக்கோணம்

சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனியின் வேலை இதுதான்: பிள்ளைகள் வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டோ எடுத்து ஆப்பில் அனுப்புவார்கள், நாங்கள் படிப்படியாகப் போட்டு அனுப்ப வேண்டும். கேட்பது யாரென்று எங்களுக்குத் தெரியாது, போடுவது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கணக்கைத் தவிர ஒரு வார்த்தை எழுதினாலும் வேலை போய்விடும்.

பத்மாவதி அக்கா என் பக்கத்து சீட். பன்னிரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். ஏழு மாதத்துக்கு முன் அவர் கணவர் சசிதர் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே வந்து உட்கார்ந்து அறுபது கணக்குப் போட்டார். அழவில்லை. மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டால் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வீட்டில் ஒன்பதாவது படிக்கிற மகள் அக்ஷிதா இருக்கிறாளே, அவளிடமாவது பேசக் கூடாதா?

"என்னத்தப் பேசறது சாஜி? அவளும் கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அவர் திரையில் ஒரு முக்கோணம் வந்தது. கோணங்கள் x, 2x, x+20. 4x+20=180 வரைக்கும் சரி. அடுத்த வரியில் இருபதைக் கழிக்காமல் கூட்டி, x=50 என்று முடித்திருந்தது. மூன்று முறை அடித்து அடித்து, மூன்று முறையும் அதே ஐம்பது. அக்கா தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கரை போட்ட தாள். மறுபக்க அச்சு இடம் வலமாக மாறி மங்கலாகத் தெரிந்தது. சசிதர்.

மிஞ்சிய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உண்டு. கருமாதிப் பத்திரிகையை மட்டும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. அக்காவுக்கு மிஞ்சிய பத்திரிகைக் கட்டைத் தூக்கிப் போடக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க்கா, அக்ஷிதாவுங்களா?"

"ஆமா."

"உடனே போன் பண்ணிச் சொல்லிக் குடுங்க்கா!"

"அவ என்கிட்டக் கேக்கல அம்மணி. ஆப்புலதான கேட்டிருக்கா."

சொல்லிவிட்டு, சமன்பாட்டின் இரண்டு பக்கத்துக்கும் கீழே −20, −20 என்று எழுதினார். நாங்கள் எல்லோரும், எண் அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். இவர் மட்டும்தான் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டுவார். 4x=160, x=40. அனுப்பிவிட்டு அடுத்த கணக்கைத் திறந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்து நிமிடத்தில் அதே கறுப்புக் கரைத் தாளில் இன்னொரு கணக்கு வந்தது; தொடர்ந்து கேட்டால் முதலில் போட்டவருக்கே வரும். கீழே டைப் செய்திருந்தாள்: "எங்கம்மாவும் இப்படித்தானுங்க ரெண்டு பக்கமும் எழுதுவாங்க. இப்பெல்லாம் அவங்ககிட்டக் கேக்கப் பயமா இருக்குதுங்க. இதையும் அப்படியே போட்டுத் தாங்க."

அக்கா அதைப் படித்தார். ஷிப்டு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"ஊட்டுக்குப் போறேன் சாஜி" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஒருவர் போடாத கணக்கு அடுத்த சீட்டுக்கு வரும். என் திரைக்கு வந்தது. ஒரு நிமிட வேலை. போடாமல் அடுத்த சீட்டுக்குத் தள்ளிவிட்டேன். மற்றவர்களிடமும் எழுந்துபோய்ச் சொன்னேன், தொடாதீர்கள் என்று. அது எல்லாரையும் சுற்றிக்கொண்டு திரும்பவும் எனக்கே வந்தது. மறுபடியும் தள்ளினேன்.

அக்காவின் வீடு இருபது நிமிடத் தூரம். இருபத்தைந்தாவது நிமிடத்தில், கேட்டவரே கேள்வியை நீக்கிவிட்டார் என்று திரையில் வந்தது.