எதிர்ச்சாரியில் நிற்பவர்

ஓவியக்காரிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் பாதி பிஸ்கட் அட்டை, சோப்பு உறை, கடைப் பலகை என்றே கழிந்தது. அவள் வரைந்தது வீடு வீடாகப் போனது. வரைந்தவள் யார் என்று ஈ காக்காய்க்கும் தெரியாது. அட்டைக்குள் அடங்கி அடங்கிச் சலித்துப்போய்ச் சுவருக்கு வந்தாள். அங்கேயும் மூலையில் கம்பெனி பெயர்தான்.

மூன்று மாடிச் சுவரில், சாரத்தின் மேல் நின்று வரைகிறவருக்குத் தான் வரைவது தெரியாது. மூக்குக்கு முன்னால் இருப்பது ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணிமை. அது முகத்தோடு சேருகிறதா என்று தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். அவளுக்காக நின்றவர் அவள் வீட்டுக்காரர். நேராக ஒரு கோடு போடத் தெரியாத மனிதர், ஆனால் கோணல் தெரியும். பதினான்கு வருடமாக அவருடைய 'சரி'யை நம்பித்தான் அவள் கீழே இறங்கினாள்.

இந்த ஆஸ்பத்திரிச் சுவரில் குழந்தையை ஏந்திய ஒரு நர்ஸின் முகம். "கீழ உங்க பேரைப் போட்டுக்குங்கம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவை. காலையில் பெயரை எழுதிவிட்டு, அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். மறுநாள் சாரத்தைப் பிரிக்கிறார்கள்.

மத்தியானம் முட்டிவலிக்கு மாத்திரை வாங்க எதிர்க்கடைக்குப் போனவள், சும்மா திரும்பிப் பார்த்தாள். நர்ஸின் இடது கண் ஒரு முழம் இறங்கியிருந்தது.

"ஏங்க, அந்தக் கண்ணு உங்களுக்குத் தெரியலையா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குச் சரின்னீங்க?"

"முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. இன்னொரு தடவை ஏறுன்னு எந்த வாயால சொல்றது? சுவர் இருந்தாத்தானேம்மா சித்திரம்?"

"பழமொழி ஒண்ணுதான் குறைச்சல்! கீழ என் பேர் இருக்குங்க."

"யாரு அண்ணாந்து பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இதுதான் முதல் தடவையா?"

அவர் மறுபடியும் செருப்பைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சுவர், மார்க்கெட் சுவர், பஸ் நிலையச் சுவர் என்று அவள் பெருமையாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போன சுவர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதில் எது கோணலோ.

முதலில் தன் பெயரின் மேல் வெள்ளை அடித்தாள். பிறகு படிக்கு ஒரு 'அம்மா' என்று முனகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். பழைய கண்ணை அழித்து, கட்டம் போட்டு, புதுக் கண்ணை வரைந்து முடிக்கையில் வெயில் தாழ்ந்துவிட்டது.

எதிர்ச்சாரியில் அவர் இரண்டு கையையும் தூக்கினார். "சரியா இருக்கு! சத்தியமாச் சரியா இருக்கு!"

அவள் தூரிகையை டப்பாவில் போட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, தெருவைத் தாண்டிப் போய்த் தானே பார்ப்பதற்காக ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.