தம்பியின் கத்தியும் என் நாலாம் பாரமும்

என் தம்பி பள்ளிக்கூடத்துக்குக் கத்தி கொண்டுபோன கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கல்யாணம், ஞானஸ்நானம் என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். அவனும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய சாதனை மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன். எனக்கு வயிறு எரியும். இத்தனை வயசுக்குமேல் என்ன எரிச்சல் என்று கேட்கிறார்கள். அந்தக் கதையில் நானும் இருக்கிறேன், என்னைத்தான் ஒருத்தரும் சொல்வதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் நைனா திருத்தணி தர்மாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாங்கள் கிறிஸ்து வேதக்காரர்கள் என்பதால் மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் சுலபமாகக் கிடைத்தது. நான் நாலாம் பாரம், இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு; தம்பி இரண்டாம் பாரம். மேல்வகுப்பில் பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜன்னலோரமாக எங்களுக்கென்று ஒரே ஒரு பெஞ்சு. கணக்கில் நான்தான் முதல். ஆறாம் பாரம் முடித்து, ட்ரெயினிங் படித்து, டீச்சராக வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது. நகை நட்டு, நல்ல புடவை எதுவும் கேட்டதில்லை. மார்க்கைக் கொண்டுபோய்க் காட்டினால் நைனா "ஆங்" என்பார், அவ்வளவுதான். தம்பி கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்தால் அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு.

அந்த வருஷம் அரக்கோணம் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. பட்டாளத்து ரயில்கள் எங்கள் ஸ்டேஷனில் வேறு வண்டிக்கு வழிவிட்டு நிற்கும். நின்றால் போதும், ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் தண்டவாளத்தில்தான். ஒருநாள் தம்பி, அம்மா ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த மாங்காயைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தோல் உறை போட்ட ஒரு சாண் கத்தியை வாங்கிக்கொண்டு வந்தான். அந்தப் புளிப்பு மாங்காயைக் கடித்துவிட்டு அந்தச் சிப்பாய் என்ன பாடு பட்டானோ! வீட்டில் யாருக்கும் அவன் கத்தியைக் காட்டவில்லை. மறுநாள் பைக்குள் வைத்து நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

இடைவேளையில் புளியமரத்தடியில் பெரிய கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடுவில் என் தம்பி, கையில் கத்தி. ஆறாம் பாரத்துத் தடிப்பயல்கள்கூட அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள், ஒரு தரம் தொட்டுப் பார்க்கக் கொடுடா என்று. கணக்கில் நான் நூற்றுக்கு நூறு வாங்கியபோது இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு காக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மாங்காய் கொடுத்து ஒரு கத்தி வாங்கினவனுக்கு இந்த மவுசு. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் ஒரு பையன் கூர் பார்க்கிறேன் என்று கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டான். சட்டையெல்லாம் ரத்தம். அவன் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார்.

ஹெட்மாஸ்டர் தெற்கத்திக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் பக்கத்துப் பழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. உடனே மணியடித்து மொத்தப் பள்ளிக்கூடத்தையும் மைதானத்தில் நிற்கவைத்தார். ஒவ்வொருத்தர் பையையும் கொட்டிப் பார்க்கச் சொன்னார். கொட்டினால், அடேயப்பா! கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்து நடந்துவரும் பையன்கள் போகும்போது மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போவார்கள்; அவர்கள் பையில் எல்லாம் அரிவாள். பென்சில் சீவுகிற கத்தி, நுங்கு வெட்டுகிற கத்தி, கவண். மலைமேல் முருகன் கோயிலில் மொட்டையடிக்கிறவர் மகனிடம் பளபளவென்று ஒரு சவரக்கத்தி. சாணை பிடிக்க அப்பா கொடுத்தனுப்பியதாம். எங்களுக்கு அதெல்லாம் ஆயுதம் என்றே தோன்றியதில்லை. கொள்ளைக்கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஹெட்மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அன்றிலிருந்து கேட்டுக்கு உள்ளே இரும்பு எதுவும் போகக்கூடாது என்று சட்டம். புல் அறுக்கிறவர்கள் காலையில் அரிவாளை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, என் தம்பியின் பேரை ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிட்டார்கள்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நைனா அவனை பெல்ட்டால் அடித்தார். அடித்துவிட்டு அவரே மூலையில் உட்கார்ந்து அழுதார். அம்மா அவனுக்கு முட்டை பொரித்து ஊட்டிவிட்டாள். இரண்டாம் பாரம் படிக்கிற தடியனுக்கு ஊட்டல்! எனக்கு ஜுரம் வந்தபோதுகூட அந்த வீட்டில் எனக்கென்று ஒரு முட்டை உடைத்ததில்லை. நான் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தேன். அடிகூட அவனுக்குத்தான் விழுகிறது என்று எனக்கு அப்போது தோன்றியது, சிரிக்காதீர்கள்.

மறுநாளிலிருந்து நைனா ஹெட்மாஸ்டர் பங்களாவுக்கு நடக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு தரம், திரும்பி வரும்போது ஒரு தரம். தெருவில் எல்லோரும் வணக்கம் சொல்லும் மனுஷன், அங்கே போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படிக்குக் கீழே நிற்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும், சபையார் எல்லோரும் பார்க்க, ஹெட்மாஸ்டர் பின்னாலேயே போய்க் கும்பிட்டார். என்னை அரக்கோணத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பி, அவரையும் சிபாரிசுக்கு அழைத்துவரச் சொன்னார்கள். அதற்கு நானும் ஒருநாள் வகுப்புக்குப் போகவில்லை. ஒருத்தருக்கும் அந்த வீட்டில் வேறு வேலை வெட்டி கிடையாது, தம்பி, தம்பி, தம்பி.

இந்த அமளியில் அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், கத்தி புழங்குகிற இடத்தில் வயசுப்பெண்ணுக்கு என்ன வேலை, இவளை நிறுத்திவிடலாம் என்று. கத்தி கொண்டுபோனது அவள் பெற்ற பிள்ளை. வேறு எவன் கத்திக்குப் பயந்து என்னை நிறுத்துகிறாய் என்று கேட்டேன். வாய் நீளுகிறது பார் என்றாள். நைனாவைப் பார்த்தேன். அவர் அன்றைக்கும் ஹெட்மாஸ்டரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உங்க அம்மா சொல்றது சரிதாம்மா, கொஞ்ச நாள் வீட்ல இரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் நாலாம் பாரம் அதோடு போயிற்று. ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

தம்பியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஹெட்மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். வீட்டு மனுஷர் யாராவது தினமும் அவனைக் கேட் வரைக்கும் கூட்டிவந்து, வாட்ச்மேன் எதிரில் அவன் பையைப் பிரித்துக் காட்டி, உள்ளே அனுப்ப வேண்டும். நைனா காலையில் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அம்மாவுக்கு அடுப்பு வேலை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீ சும்மாதானே கீறே" என்றாள் அம்மா.

ஆமாம், சும்மாதான் இருந்தேன். என்னைச் சும்மா ஆக்கினவர்கள் யார்?

தினமும் காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு நான் நடப்பேன். அவன் முன்னால் கையை வீசிக்கொண்டு போவான். கேட்டில் பையைத் திறந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் காட்டுவேன். புத்தகத்தைத் தொடுகிற சாக்கு எனக்கு அது ஒன்றுதான். வாட்ச்மேன் நல்லவர், "ஆங், ஆங், போதும்மா" என்பார்; நான்தான் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவன் உள்ளே போய்விடுவான். என்னோடு பெஞ்சில் இருந்த பெண்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். முதலில் நின்று பேசினார்கள், பிறகு தலையை ஆட்டினார்கள், பிறகு அதுவும் இல்லை. அவர்கள் மேலும் எனக்கு எரிச்சல். ஜன்னலோரத்தில் என் இடத்தில் இப்போது யார் உட்காருகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கும், கேட்கவும் மாட்டேன். மணியடித்து எல்லோரும் பாட ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி. ஊர் முழுக்க மஞ்சள் துணியும் காவடியும். எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்குள் புகுந்து போனால் மலையடிவாரத்துக்குக் குறுக்குவழி. காலம் காலமாகக் கூட்டம் அப்படித்தான் போகும், மிஷன்காரர்களும் தடுத்ததில்லை. அன்றைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து நெசவுக்காரர்கள் கூட்டமாகக் காவடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் ஆள் உயர வேல். வாட்ச்மேன் பயபக்தியாக அந்த வேலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார். பூசிக்கொண்ட பிறகு, இரும்பு உள்ளே எடுத்துகினு போவக்கூடாதுங்க, ஹெட்மாஸ்டர் ஆர்டருங்க, வேலை இங்கேயே சாத்திட்டுப் போங்க, திரும்பி வரும்போது குடுத்துடறேன் என்றார்.

கூட்டம் கொதித்துவிட்டது. சாமி வேலைச் சாத்திவைக்கிறதா? மேளம் நின்றது. சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்தார். விஷயம் புரிந்ததும் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, தப்பு நடந்துவிட்டது, தாராளமாகப் போங்கள் என்று கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டார். வேல் போயிற்று, காவடி போயிற்று, மேளம் போயிற்று, பின்னாலேயே என் தம்பி பையோடு போனான். அன்றைக்கு அவன் பையை யாரும் பார்க்கக்கூட இல்லை. நான் மட்டும் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. திரும்பிப் போகவிருந்த ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அவன் கத்தி எடுத்துகினு வந்தான், திரும்பச் சேத்துகினீங்க. வேலையும் உள்ள விட்டீங்க. நான் எதை எடுத்துகினு வந்தா சார் என்னை உள்ள விடுவீங்க?"

நான் ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்பதே அவருக்குத் தெரியாதாம். எங்கேயோ கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைத்தாராம். கணக்கு நன்றாகப் போடுகிற பெண்தானே நீ என்றார். அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது! "உன் பேர் இன்னும் ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. உன் அப்பா வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே வந்து உட்கார்ந்துகொள்" என்றார்.

கிருத்திகைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நைனா மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான், வேறு ஒன்றும் கேட்கவேண்டாம், அவரே சொல்லிவிட்டார் என்றேன். அவர் பங்களா பக்கத்தில்தான், சாயங்காலம் போகிற வழியில் நின்று சொன்னால்கூடப் போதும் என்றேன். நைனா பாட்டிலைக் கீழே வைத்தார். கோபமே இல்லை அவருக்கு. தலையைத் தடவிக் கொடுத்தார்.

"உன் தம்பிக்கோசரம் அந்த மனுஷன் வாசல்ல போய் நின்னு நின்னு எனக்குக் கூசிப்போச்சும்மா. இன்னொரு தரம் எந்த மூஞ்சியை வெச்சிகினு போவேன்?"

தம்பி ஆறாம் பாரம் வரைக்கும் படித்தான், பெயிலானான், ரயில்வேயில் சேர்ந்தான். கத்திக் கதையைச் சொல்லும்போது, நைனா எப்படித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பங்களா வாசலில் நின்றார் என்று நடித்தே காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் தாங்காது. எனக்காக அவர் ஒரே ஒரு தரம் அப்படி நின்றிருக்கலாம்.