பாவு தீராத வீடு

சூர்யகலாவுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று முள்ளிப்பட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் வந்தது என்று கேட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்குத் தெரியும். அவள் வாங்கிய வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். அதைப் பிணைப்பது அவள் தொழில். தறியில் ஒரு பாவு தீரப் போகும்போது அதன் வாலைச் சீப்பு மாதிரி இருக்கும் அச்சிலேயே விட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த வாலோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இழை வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் ஓர் இழை விட்டுப்போகாது. கணவர் ஜெயச்சந்திரன் முதலாளி கொடுக்கும் பட்டுப் பாவைக் கூலிக்கு நெய்தார். கல்யாணமான நாள் முதல் ஆரணியில் வாடகைக் குடித்தனம்தான். சுவரில் ஆணி அடிக்காதே, சொந்தக்காரன் வந்தால் தங்கவைக்காதே, தறிச் சத்தம் தலைவலி என்று ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு சட்டம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் பாவு இருக்கும்போது நெசவுக் குடும்பத்தை வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். "பாவு முடிஞ்சதும் காலி பண்றோம்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சூர்யகலாவும் ஒருமுறை அப்படிச் சொன்னாள். வேறு வீடு கிடைக்கவில்லை. பாவு தீரும் சமயத்தில் புதுப் பாவைப் பிணைத்தாள். அதுவும் தீரும்போது இன்னொன்று. தறி காலியாகவே இல்லை.

ஒருநாள் வீட்டுக்காரரின் மகன் குடித்துவிட்டு அரிவாளோடு உள்ளே நுழைந்தான்.

"இன்னாடி, உன் பாவு எமன் வந்தாதான் தீருமா?"

இழுத்துக் கட்டிய பட்டின் மேல் ஓங்கினான். ஜெயச்சந்திரன் எதையும் யோசிக்காமல் கையைக் குறுக்கே கொடுத்தார். அரிவாள் கையையும் அறுத்தது, பாவையும் அறுத்தது. இழைகள் படபடவென்று தெறித்துச் சுருண்டன. வெள்ளைப் பாவு முழுக்க ரத்தம். மணிக்கட்டு நரம்பைத் தைத்தும் சேரவில்லை. மூன்று விரல்கள் மடங்காமலே போயின. பஞ்சாயத்து பேசி முடித்தார்கள். வெட்டியவன் இன்றைக்கும் பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறான், நாசமாய்ப் போக. ஜெயச்சந்திரன் களம்பூர் ரைஸ் மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார்.

"இனிமே செத்தா சொந்த வூட்லதான் சாவேன்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னாள் சூர்யகலா. எப்படிச் சேர்த்தாள், எங்கே கடன் வாங்கினாள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவளுடைய வெறுங்காதைப் பார்த்தாலே புரியும்.

வாங்கியது என் எதிரே இருந்த ஓட்டு வீடு. அதில் விக்னேஷ் என்ற நெசவாளி, மனைவி தேவிப்ரியாவோடு குடியிருந்தான். பத்திரம் பதிந்த அன்று அவனே வந்து, "பாவு முடிஞ்சதும் காலி பண்ணிடறேங்கா" என்றான். ஊருக்கெல்லாம் பாவு பிணைக்கிறவள் அந்த வார்த்தையை நம்பினாள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்படி நம்பினாய் என்று கேட்டேன்.

"நானும் அதே வார்த்தைய சொன்னவதாண்ணா. வூடு கெடச்சிருந்தா போயிருப்பேன். அவனுக்கும் கெடைக்கும், போவான்" என்றாள்.

ஆடியில் புதுப் பூட்டோடு வந்து பார்த்தாள். மாம்பழ மஞ்சள் பாவின் வாலில் கத்தரிப்பூ நிறப் பாவு பிணைந்திருந்தது. அவளுக்குத் தெரியக் கூடாதென்று தேவிகாபுரத்திலிருந்து ஆள் கூட்டி வந்து பிணைத்திருக்கிறான். புரட்டாசியில் வந்தாள். கத்தரிப்பூவின் வாலில் கிளிப்பச்சை. இதற்கிடையில் ஆரணியில் அவள் அப்போது குடியிருந்த வேறொரு வாடகை வீட்டின் சொந்தக்காரர், நீதான் சொந்த வீடு வாங்கிவிட்டாயே என்று அந்த வீட்டை வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டார்.

ஐப்பசியில், வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இருவரும் வந்து இறங்கினார்கள். போக வேறு இடமில்லை.

"இன்னாக்கா, சாமானோட வந்துகினு கீற? பாவு இன்னும் கீதே" என்றான் விக்னேஷ்.

"மூணாவது பாவுடா இது."

"பாவு பாவுதான். எந்தப் பாவுன்னு அன்னிக்கே கேட்டுக்கினியா?"

சூர்யகலா வண்டியிலிருந்து அரிவாளை உருவிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பச்சைப் பாவின் மேல் அரிவாளை வைத்து அழுத்தினாள். தேவிப்ரியா அலறினாள். விக்னேஷ் அசையவில்லை.

"அறுத்துடு, பாக்கலாம். பிணைக்கிற கை அறுக்குமா?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். ஜெயச்சந்திரன் மடங்காத கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றார். அரிவாளை மூலையில் வீசி எறிந்தாள். அவள் கை வெறுமையானதும்தான் விக்னேஷுக்கு வீரம் வந்தது. மயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து தெருவில் தள்ளினான். தடுக்கப் போன ஜெயச்சந்திரனின் மூக்கில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். விலக்கப் போன எனக்கும் தாடையில் ஒன்று விழுந்தது.

எழுந்தவள் நேராக என் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்தாள். நான் கொடுத்தேன் என்று ஊர் சொல்கிறது. கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. ஏணியைச் சாத்தி ஓட்டின் மேல் ஏறினாள்.

"பாவு மொதலாளியோடதுடா, அத தொட மாட்டேன். ஓடு என்னுது!"

தறி இருந்த இடத்துக்கு நேர் மேலே ஓங்கிக் குத்தினாள். ஓடுகள் சடசடவென்று உடைந்து தெருவிலும் வீட்டுக்குள்ளும் விழுந்தன. விக்னேஷ் ஏணியைப் பிடுங்க வந்தான். ஜெயச்சந்திரன் அதைக் கட்டிக்கொண்டு நின்றார். விலாவில் உதைத்தான், அவர் விடவில்லை. கல்லை எடுத்து மேலே எறிந்தான். நெற்றி பிளந்து ரத்தம் அவள் கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கக்கூட நிற்காமல் அடித்தாள். பைத்தியம் பிடித்தவள் என்று யாரோ கத்தினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அத்தனை வருஷம் ஒரு சுவரில் ஓர் ஆணி அடிக்க விடாமல் வைத்திருந்தார்களே, அதற்கெல்லாம் சேர்த்து அவள் அடிப்பதாகவே எனக்குப் பட்டது.

முதல் தூறல் விழுந்தது. பட்டு நனைந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? தேவிப்ரியா தன் சேலைகளை அள்ளிப் பாவின் மேல் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

"கல்ல போட்டுட்டு ஜல்தி வந்து பாவ கழட்டுய்யா! பேஜார் பண்ணிகினு நிக்காத!"

அவளுக்குத்தான் அந்த வீட்டில் மூளை இருந்தது. மழை வலுப்பதற்குள் பாவைச் சுருட்டி, அச்சோடு தூக்கி என் வீட்டில் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் மேலத் தெருவில் ஓர் அறை பார்த்து, பாவையும் தறியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை நாள் கிடைக்காத வீடு!

மறுநாள் காலை சூர்யகலா நெற்றிக் கட்டோடு பால் காய்ச்சினாள். ஓடில்லாத பாதியில் தார்ப்பாய் கட்டியிருந்தது. ஜெயச்சந்திரன் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் டம்ளர் எனக்குத்தான்.

சாயந்திரம் தேவிப்ரியா வந்து வாசலிலேயே நின்றாள். அவசரத்தில் கழற்றியதில் இழைகள் ஏராளமாக அறுந்துவிட்டனவாம். தேவிகாபுரத்து ஆள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"ஒரு வார்த்தையும் பேச வாணாங்கா. வந்து பிணைச்சி குடுத்துட்டு போ, போதும்."

போகாதே என்றேன். ஜெயச்சந்திரனும் சொன்னார். சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். அடிபட்டவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். எங்களைப் பார்த்ததும் விக்னேஷ் எழுந்து வெளியே போய்விட்டான்.

விளக்கு வைக்கும் நேரம்வரை குனிந்த தலை நிமிராமல் பிணைத்தாள். கூலியைக் கறாராகக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்தாள். எழுந்தபோது தேவிப்ரியா மெல்லக் கேட்டாள்.

"இந்த வூட்ல எத்தினி நாளு வுடுவாங்கக்கா?"

"பாவு தீராம பாத்துக்க" என்றாள் சூர்யகலா. படியிறங்கியவள் திரும்பி நின்றாள். "எவனாச்சும் அருவாளோட வந்தான்னா, அறுத்துகினு போவட்டும். உன் புருசன் கைய மட்டும் குறுக்க வுடாத."