கால் நனையாத வுழூ

தொழுகைக்கு முன் வுழூ செய்ய, பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டியடியில் வலது காலை ஏழு தடவை கழுவினேன். தண்ணீர் பட்டதே தெரியவில்லை. போன வருடம் ஷஃபான் மாதம், ஒரு காய்ச்சல் விட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

எனக்கு வஸ்வாஸ் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வுழூ கூடியதா இல்லையா என்று ஷைத்தான் மனதைக் குழப்புவான், கணக்கெடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். கணக்கெடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்ற என் மனைவி பரீதாவிடம், ஷைத்தானுக்கு ஊசி போடுகிற டொக்டர் கல்முனையில் எங்கே இருக்கிறார் என்று கேலி செய்தேன்.

மூன்றாம் நாள் ழுஹர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குப் போனவன் எழும்பவில்லை. இடுப்புக்குக் கீழே உடம்பு இருப்பதே தெரியவில்லை. பக்கத்தில் தொழுதவர்கள் தூக்கி, நான் ஓட்டும் ஓட்டோவிலேயே என்னை ஏற்றினார்கள்.

முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு நாணில் அழற்சி என்றார் டொக்டர். அதில் பல வகை உண்டாம். சிலருக்குக் கிருமியே நேரே தாக்குமாம். சிலருக்குக் கண் நரம்பையும் சேர்த்துப் பிடித்துத் திரும்பத் திரும்ப வருமாம். எனக்கு வந்தது, காய்ச்சலோடு சண்டை போட்ட உடம்பு ஆள் மாறித் தன்னையே அடித்த வகை. மருந்து ஏற்றினார்கள். எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

சிறுநீர் வடியும் சலப்பையோடு வீட்டுக்கு வந்தேன். பரீதா புரட்டினால்தான் புரள்வேன். ஆண்பிள்ளை என்ற நினைப்பெல்லாம் அந்தக் கட்டிலில் செத்துப் போனது. இந்தப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு எப்படித் தொழுவது என்று அழுதேன். அவள் மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டாள்.

"சலப்பையோட தொழலாமாம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் வுழூ செஞ்சாக் காணுமாம். நான் செஞ்சி உடுறன், நீங்க மனசில நிய்யத்த வைங்க" என்றாள்.

மனைவியின் கை பட்டால் வுழூ முறியும் என்பது எங்கள் வழக்கம். அதனால் பாமசியில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு, பேசின் வைத்து, வக்துக்கு வக்து என் காலைக் கழுவினாள். கழுவுவதைக் கண்ணால்தான் பார்த்தேன். நடக்க வேண்டும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. யா அல்லாஹ், இந்தத் தண்ணீரையாவது தெரியப்படுத்து என்று மட்டும் கேட்டேன். நோன்பு முழுவதும் கேட்டேன். பெருநாளும் படுக்கையிலேயே போனது.

பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கு அவள் இடது காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"குளிருது" என்றேன்.

பரீதா என்னைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் காலை இறுக்கிப் பிடித்தாள்.

"இது தெரியிதா?"

"ஓம்."

வுழூ முறிந்தது. இரண்டு பேரும் அழுது முடித்து, முதலிலிருந்து திரும்பச் செய்தோம்.

இன்று சலப்பை இல்லை. பொல்லு ஊன்றி நடக்கிறேன், கதிரையில் இருந்து தொழுகிறேன். வலது கால் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. சகோதரர்களே, காலில் தண்ணீர் தெரியாவிட்டால் ஷைத்தானைக் குறை சொல்லாமல் அன்றைக்கே டொக்டரிடம் ஓடுங்கள். ரப்பிடம் சின்னதாகக் கேட்கவும் வெட்கப்படாதீர்கள். ஒற்றைக் காலில் பட்ட அந்தக் குளிருக்கே நான் இன்னும் நன்றி சொல்லி சுக்ர் செய்து முடிக்கவில்லை.