கிணற்று மூச்சு

என் கணவர் இறந்த மூன்றாவது கோடையில் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்தமானுக்குப் போனேன். தொண்ணூறுகளின் இறுதி அது. அவர் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கொடுத்திருந்தார்கள். அந்த வேலையோடு எல்.டி.சி. என்கிற பயணச் சலுகையும் வந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்ற அரசாங்கமே போக்குவரத்துச் செலவைத் தரும். அலுவலகத்தில் மற்றவர்கள் காசிக்கோ டில்லிக்கோ போவார்கள். கப்பல் என்று நான் எழுதிக் கொடுத்ததும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

ராஜபாளையத்தில் இருந்த என் கணவரின் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்தக் கப்பலு? கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போ. பிள்ளைக பூவப் பாக்கட்டும்.”

“கடலுதான் பாக்கணும்னு பெரியவன் சொல்லுதான் மதினி.”

“திருச்செந்தூர்ல இல்லாத கடலா?”

அவர் உருவிய காம்பை ஓரமாகப் போட்டுவிட்டுச் சொன்னார். “ஒனக்கு ஒண்ணுன்னா இதுக ரெண்டுக்கும் யாரு இருக்கா? அத மட்டும் யோசிச்சுக்கோ.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஆனால் மூன்று வருடமாக நான் வேறெதையும் யோசிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. ரோட்டைக் கடக்கும்போது, கேஸ் அடுப்பை அணைக்கும்போது, லேசாக நெஞ்சு கரிக்கும்போது, எல்லா நேரமும் அதே யோசனைதான். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. அவர்களுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்தி.

போர்ட் பிளேரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கடற்கரை. ஓலைக் கொட்டகை ஒன்றில் காற்று அடைத்த சிலிண்டர்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பழக்கமில்லாதவர்களையும் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுவார்கள் என்று எழுதியிருந்தது. மகன் அதைப் படித்துவிட்டு ஓடினான். சிறு பிள்ளைகளுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் மணலில் உட்கார்ந்து காலால் குழி தோண்ட ஆரம்பித்தான். கோபம் வந்தால் அவன் அப்பாவும் அப்படித்தான், பேசாமல் எதையாவது தோண்டிக்கொண்டிருப்பார்.

“அப்ப நீ போம்மா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லணும்.”

அவனுக்காகத்தான் போனேன் என்று சொல்ல ஆசை. பாதிதான் அது. அந்தக் கடல் அன்று அசையாமல் பச்சையாகக் கிடந்தது. யாரும் அம்மா என்று கூப்பிட முடியாத இடம் ஒன்று அதற்குள் இருக்கிறது என்று தோன்றியது. செத்த நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தால் போதும். கப்பலில் பழக்கமான மதுரைக்கார டீச்சர் ஒருவர் கணவரோடு வந்திருந்தார். பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

கற்றுக்கொடுப்பவர் அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்துச் சிரித்துப் பேசினார்.

“அக்காவுக்கு நீச்சல் தெரியுமா?”

“கிணத்து நீச்சல் தெரியும்.”

“கிணத்துல நீந்துனவங்களா? அப்ப இது உங்களுக்குக் குளிக்கிற தொட்டி மாதிரி.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஒரே ஒரு விசயம்தான். மூச்சை நிறுத்தவே கூடாது. இழுக்கணும், விடணும். பயந்தாலும் இழுக்கணும், விடணும். என்ன செய்யணும்?”

“இழுக்கணும், விடணும்.”

“அவ்வளவுதான். நீங்க பாஸ்.”

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. எங்கள் தோட்டத்துக் கிணறு அதற்கு நேர்மாறான ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கிணறு வன்னியம்பட்டியில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி விடுமுறைக்கு வரும்போதுகூட நான் அதில் குதித்திருக்கிறேன். மத்தியானம் ஆண்கள் சாப்பிடப் போனபிறகு பெண் பிள்ளைகளின் நேரம். பம்புசெட் ஓடாது. பந்தயம் எப்போதும் ஒன்றுதான்: அடிவரை போய் ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக இறங்குவோம். பாதியில் மூச்சு விட்டவள் தோற்றாள். கை வெறுமையாக மேலே வந்தால், “மண்ணு எங்கட்டி? பசில தின்னுட்டியா?” என்று படிக்கட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். தரையை ஓங்கி ஒரு உதை உதைத்தால் உடம்பு அம்பு மாதிரி மேலே வரும். நான் அதிகம் தோற்றதில்லை.

ரப்பர் சட்டையை மாட்டிவிட்டார்கள். முதுகில் சிலிண்டர், கண்ணையும் மூக்கையும் மூடிய கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். மகள் என்னைப் பார்த்து டீச்சரின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். மகன் சிரித்தான்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இழுத்தேன், விட்டேன். காதுக்குப் பக்கத்தில் என் மூச்சு மட்டும் கேட்டது. கற்றுக்கொடுப்பவர் என் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வந்தார். பாறை இடுக்குகளில் மஞ்சள் மீன்கள் வந்து போயின. நீல உதட்டோடு வாயைத் திறந்து மூடும் ஒரு பெரிய சிப்பியைக் காட்டினார். இதை அவனிடம் சொல்ல வேண்டும், இதையும் சொல்ல வேண்டும் என்று மனதில் சேர்த்துக்கொண்டே போனேன். நல்லதைப் பார்த்தால் வீட்டுக்குப் போய் ஒருவரிடம் சொல்லும் பழக்கம் எனக்குக் கல்யாணத்தில் வந்தது. மூன்று வருடம் கழித்தும் அது போகவில்லை. இதையெல்லாம் கேட்க வேண்டிய ஆள் இல்லை என்று அந்த அமைதிக்குள் திடீரென்று தெரிந்தது. கண்ணாடிக்குள் அழுதேனா என்று தெரியாது. முகத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரம் விலகி, தண்ணீர் மூக்குக்குள் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் உடம்பு செய்தது. நெஞ்சு நிறைய காற்றை இழுத்தது. வாயைக் குழாயோடு இறுக மூடி மூச்சை அடக்கியது. தரையைத் தேடி ஓங்கி உதைத்தது. வெளிச்சம் மேலிருந்து வேகமாக இறங்கி வந்தது.

கூட வந்தவர் என் காலைப் பிடித்து இழுத்தார். நான் அவரை உதைத்தேன். அவர் விடவில்லை. முகத்துக்கு நேரே வந்து, விரலால் தன் வாயிலிருந்து வெளியே வெளியே என்று காட்டினார். எனக்குப் புரியவில்லை. கையை மடக்கி என் வயிற்றில் குத்தினார். காற்று முழுவதும் குமிழ்களாகப் போனது. செத்தேன் என்று நினைத்தேன். பெரியவனுக்கு ஸ்கூல் திறக்கிறது, யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கவில்லை என்பதுதான் அப்போது எனக்கு வந்த நினைப்பு.

மேலே வந்ததும் அவர் வாயிலிருந்த குழாயை எடுத்தார். சிரிக்கிற முகம் போய்விட்டது.

“சொன்னேனா இல்லியாக்கா? அடியில இழுத்த காத்து மேல வரவரப் பெருசாகும். அடக்கிட்டு வந்தா நெஞ்சு கிழிஞ்சிரும். தண்ணியில மூழ்கி இல்ல, காத்தாலயே செத்துருப்பீங்க.”

மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. துடைக்கும் முன்பே மகன் பார்த்துவிட்டான். கரையிலிருந்து ஓடி வந்தவன் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டான்.

“தண்ணி ஏறிருச்சு, அவ்வளவுதான்” என்றேன்.

“நல்லா இருந்துச்சா?” என்று டீச்சர் கேட்டார்.

“நல்லா இருந்துச்சு. நீல உதட்டோட ஒரு சிப்பி இருந்துச்சு” என்றேன். மகன் சிப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று ராஜபாளையத்துக்குப் போன் போட்டேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“பிள்ளைக கடல்ல எறங்குதுகளா?” என்றார் மதினி.

“இல்ல மதினி. கரையிலதான் வெளையாடுதுக.”

“நீ பாத்துக்கோ. இங்கயும் ஒரே வெக்க. கரண்டு வேற இல்ல. சரி வையி, துட்டு ஓடும்.”

வைத்துவிட்டேன். பூத் கண்ணாடிக்கு வெளியே பிள்ளைகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சொல்ல மிச்சம் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே, அவர்களிடம் சொல்லவும் முடியாது. இன்றும் ஷவரில் முகத்தில் தண்ணீர் விழுந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அடுத்த நொடியே பதறி வாயைத் திறந்து விடுகிறேன்.

திரும்பும் கப்பலில் இரண்டாம் நாள் சாயங்காலம், மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் மேல்தளக் கம்பியில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி கேட்டான்.

“உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நாங்க எப்பிடிம்மா ஊருக்குப் போயிருப்போம்?”

எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அதே வார்த்தையைத்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். அதனால் வழியைச் சொன்னேன். கப்பலில் ஆபீசரிடம் சொன்னால் சென்னைவரை பார்த்துக்கொள்வார்கள். துறைமுகத்திலிருந்து எழும்பூர். அங்கிருந்து செங்கோட்டை ரயில்.

“மதுரை, விருதுநகர், சிவகாசி” என்று அவனே தொடர்ந்தான். “பொறவு வில்லிபுத்தூர். அங்க எறங்கக் கூடாதுல்ல?”

நான் அவனைப் பார்த்தேன்.

“நம்ம வீடு பூட்டியிருக்குமே. அத்தை வீட்டுக்குன்னா ராஜபாளையத்துலதான எறங்கணும்?”

அவன் இதை நேற்றோ முந்தாநாளோ யோசித்து முடித்திருக்க வேண்டும். அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் நான் தொடர்ந்தேன்.

“ஆமா. வில்லிபுத்தூர் தாண்டுனதும் பையை எடுத்துட்டுக் கதவுகிட்ட வந்துரணும். ரொம்ப நேரம் நிக்காது.”

“அப்ப பாப்பா தூங்கிட்டிருந்தா?”

“எழுப்பிரு. முன்னாடியே எழுப்பிரு.”

அவன் தலையாட்டினான். தங்கச்சியின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.